ஏழு வெளிமான்களுடன் பெங்களூருக்கு

நான் மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மாட்டுக்கு மருந்து கலக்கத் தெரியும், எருமைக்குச் சினை பார்க்கத் தெரியும். மானுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் கார்த்திகை மாதத்தில், ஏழு வெளிமான்களுக்குத் துணையாக நான் பெங்களூருக்குப் போகும்படி ஆயிற்று.

எங்கள் பக்கத்துக் கரிசலில் ஒரு சின்ன ஜமீன். அதன் புல்வெளியில் அந்த மான்கள் இருந்தன. ஜமீன்தாரின் தகப்பனார் காலத்தில் எண்ண முடியாத அளவுக்கு இருந்தனவாம். டவுன்காரர்கள் மோட்டாரில் வந்து சுட்டுச் சுட்டு, பதினொன்றில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல், தை பிறந்ததும் புல்வெளியை உழுது பருத்தி போடுவது என்று பங்காளிகள் முடிவு செய்தார்கள். ஜமீன்தார் தனியாளாக எத்தனையோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. மனுஷர் என் எதிரிலேயே அழுதார்.

அவருடைய பழைய சிநேகிதர் வேதாசலம், மைசூர் சமஸ்தானத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் லிங்கராஜபுரத்தைத் தாண்டி அவருக்கு வேலி போட்ட பெரிய புல்தோட்டம் இருந்தது. துப்பாக்கி நுழையாத இடம். மான்களை அங்கே கொண்டுபோய் விட்டால் இனம் பிழைக்கும் என்று இருவரும் கடிதத்திலேயே பேசி முடித்தார்கள். முதலில் ஏழு. அவை சுகமாகப் போய்ச் சேர்ந்தன என்று தெரிந்ததும் பாக்கி நாலையும் பிடிப்பது. வலைக்காரர்கள் அதற்குத் தயாராக ஊரிலேயே காத்திருந்தார்கள்.

"இறங்குனதும் தந்தி அடிச்சிரும் கம்பவுண்டரே. அதைப் பாத்துட்டுத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்றார் ஜமீன்தார்.

என்னோடு வந்தவன் சுடலை. வலை போட்டு மான் பிடிப்பதில் அந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அரை மைல் தூரம் ஆட்களை நிறுத்தித் தகரம் தட்டி விரட்டி, ஏழையும் ஒரே காலையில் வலைக்குள் கொண்டுவந்தவன் அவன்தான். கறுத்த முதுகும் முறுக்குக் கொம்புமாக இருந்த தலைக்கிடா ஒன்று, பெட்டைகள் ஆறு. உள்பக்கம் வைக்கோல் மெத்தை தைத்த ஏழு பெட்டிகள். ஒவ்வொன்றின் கண்ணிலும் கறுப்புத் துணி. கண்ணைக் கட்டினால் மான் அடங்கும் என்பது சுடலையின் கணக்கு. அப்படியே அடங்கித்தான் இருந்தன.

ரயிலில் நாங்கள் இருந்தது மனிதர்கள் போகும் பெட்டி இல்லை. சரக்குப் பெட்டியில் வைக்கோலோடு வைக்கோலாக உட்கார்ந்திருந்தோம். ஜங்ஷனில் வண்டி மாற்றும்போது எஞ்சின் வந்து இடித்த இடியில் என் சோற்றுத் தூக்கு கவிழ்ந்து புளியோதரை முழுவதும் தரையில் கொட்டியது. மான்கள் அசையவில்லை. சுடலை இரண்டு பெட்டிகள் மேல் இரண்டு கையையும் வைத்தபடி தூங்காமல் வந்தான். சமஸ்தான எல்லைக்குள் வந்த பிறகு ரயில் கார்டு ஒருவர் எட்டிப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற போர்ட்டர் தமிழில் சொன்னான்: "இது எந்தச் சாமிக்கு நேர்ந்துக்கிட்டதுன்னு கேக்கறாரு." எந்தச் சாமிக்கும் இல்லை, பிழைக்கப் போகின்றன என்றேன். கார்டு தலையாட்டிவிட்டுத் தம்முடைய கம்பளியை எடுத்து ஓரத்துப் பெட்டியின் மேல் போர்த்திவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினோம். எங்கள் ஊரில் கார்த்திகை என்றால் மழை. இங்கே பனி. வாயைத் திறந்தால் புகை வந்தது. பிளாட்பாரத்தில் பார்த்தால் என் அக்காள் புருஷன் ஆபிரகாம் அத்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு கார்னெட் குழலும் கையுமாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் டிரம்மும் டிராம்போனுமாக ஐந்து பேர். எல்லாரும் பட்டாளத்து பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள். பிளாக்பள்ளிப் பேட்டைச் சர்ச்சில் கல்யாணம் என்றாலும் அடக்கம் என்றாலும் அவர்கள்தான்.

"மாப்ளே, ரெடியா இருக்கோம். வண்டியிலேருந்து பொட்டி எறங்கினதும் ஒரே ஒரு மார்ச். சும்மா ஜம்முனு இருக்கும்."

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சத்தம் கேட்டால் மான் நெஞ்சு வெடித்துச் சாகும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் நல்ல மனுஷர். கார்னெட்டைக் கைக்குட்டையால் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த ஐந்து பேரும் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டுப் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பெட்டிகளைப் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் இடுவது போல மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொடுத்தார்கள். நான் பெருமைப்பட்டேன். பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்டதாக நினைத்தேன்.

வண்டிகள் மெதுவாகப் போயின. கண்டோன்மென்ட் வெள்ளைக்காரன் ஆட்சி, அந்தப் பக்கம் சிட்டி மகாராஜாவின் ஆட்சி என்று அத்தான் விளக்கிக்கொண்டே வந்தார். எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. காய்கறிக்காரி தமிழில் கூவினாள். போலீஸ்காரர் உருதுவில் திட்டினார். வண்டிக்காரர் இரண்டு பேருக்கும் கன்னடத்தில் பதில் சொன்னார். எங்கள் ஊரில் ஒரே பாஷையை வைத்துக்கொண்டே இவ்வளவு சுலபமாக யாரும் பேசிக்கொள்வதில்லை.

நடுப்பகலில் எஞ்சினியர் தோட்டத்தில் பெட்டிகளைத் திறந்தோம். முதல் பெட்டை வெளியே வந்து நின்றது, காதை ஆட்டியது, இரண்டடி வைத்தது, புல்லை மோந்தது. அடுத்தது வந்தது. கடைசியில் தலைக்கிடா. ஏழும் நடந்தன. மூன்று மேய்ந்தன. எஞ்சினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தீங்களா! சும்னே எல்லாரும் பயமுறுத்தினாங்க" என்றார். எல்லாரும் பயமுறுத்தியது வீண் என்று அதற்கு அர்த்தம். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக மைசூர்ச் சீமையில் இருக்கிறது. வீட்டில் தமிழ்தான், ஆனால் வாக்கியத்துக்கு ஒரு கன்னடச் சொல் உண்டு.

சாப்பிடக்கூட உட்காராமல் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். எங்கள் பக்கத்தில் யார் வெளியூர் போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போட வேண்டும். போடாதவன் மனுஷனே இல்லை. தந்தி இங்கிலீஷில்தான் எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவு: "ஏழும் சுகம். நடக்கின்றன, மேய்கின்றன." எழுதிக் கொடுத்துவிட்டு வந்து எஞ்சினியர் வீட்டில் சாப்பிட்டேன். பருப்பும் காயும் சாதமும் ஒன்றாக வேகவைத்து நெய் மிதக்கக் கொடுத்தார்கள். பிஸிபேளே என்றார்கள். ஊறின பருப்பில் வெள்ளரிக்காய் கலந்து ஒரு கோசம்பரி. வயிறும் மனசும் நிறைந்திருந்தது.

சனிக்கிழமை காலை மான்கள் வேலியோரம் கூட்டமாக நின்றன. எட்ட நின்று பார்த்துவிட்டு, சுடலையைக் காவலுக்கு விட்டு நான் அத்தானோடு ஊர் பார்க்கப் போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மார்க்கெட்டில் குழந்தைத் தலை அளவுக்குப் பூக்கோசு இருந்தது. காரட், பீட்ரூட், நூல்கோல் என்று இங்கிலீஷ் காய்கறி மலையாகக் குவிந்து கிடந்தது. அக்காள் வீட்டில் ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும். ரொட்டியை அவள் அரிவாள்மணையில் அரிந்ததைப் பார்த்துச் சிரித்தேன். "இங்க வந்து இருவது வருஷமாச்சு தம்பி, இன்னும் அந்த ரொட்டிக் கத்தி எனக்குச் சரிப்படல்ல" என்றாள்.

திரும்பும்போது ஜட்காக் குதிரை பிளாக்பள்ளி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டது. வண்டிக்காரர் ஒரு வயசான முஸ்லிம். சாட்டையைத் தொடவே இல்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். உருதுவில் அவர் சொன்னதை அத்தான் எனக்குத் தமிழில் சொன்னார்: "அதுக்கு இன்னிக்கு மனசு சரியில்லையாம். எழுந்திருக்கும்போது எழுந்திருக்கட்டுங்கறாரு." அரை மணி நேரம் கழித்து எழுந்தது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. சுடலை வேலியடியில் நின்றுகொண்டிருந்தான். முகமே சரியில்லை.

"அய்யா, ரெண்டு பெட்டை நடக்க மாட்டேங்கு. பின்னங்காலு மரக்கட்டை கணக்கா இருக்கு. மோண்டா காப்பி நெறத்துல வருது."

போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். ஒரு பெட்டை எழுந்திருக்கப் பார்த்து, முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்க முடியாமல் அப்படியே சரிந்தது. மாட்டுக்கு உண்ணிக் கடியால் வரும் ரத்தமூத்திரம் எனக்குத் தெரியும். தடவிப் பார்த்தேன். உண்ணி ஒன்றுகூட இல்லை. உடம்பு மட்டும் நெருப்பாகச் சுட்டது.

எஞ்சினியரும் வந்தார். "தண்ணி மாறினா நமக்கே ஒரு நாள் ஆகாது. குளிர் வேற. ஸ்வல்ப பொறுங்க, காலையில சரியாப் போயிடும்" என்றார்.

ஊருக்கு இன்னொரு தந்தி அடிக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. ஆபீஸ் திறந்துதான் இருந்தது. போயிருந்தால் அன்றைக்கே ஜமீன்தார் கையில் சேர்ந்திருக்கும். போகவில்லை. எங்கள் ஊரில் தந்தி என்றாலே வீட்டில் பெண்கள் பிரிப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள். நேற்றுத்தான் சுகம் என்று அடித்தவன் இன்றைக்கு எப்படி மாற்றி அடிப்பது? ஒரு ராத்திரி பார்ப்போம், அவர் வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் பெருமைதான் என்னைத் தடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மூன்று செத்துக் கிடந்தன. தலைக்கிடா அவற்றில் ஒன்று. எஞ்சினியர் சொல்லியனுப்பி, பட்டாளத்துக் குதிரை டாக்டர் ஒருவர், வெள்ளைக்காரர், சைக்கிளில் வந்தார். செத்த பெட்டை ஒன்றின் தொடையைக் கீறிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய சதை வேகவைத்த மீன் மாதிரி வெளுத்திருந்தது.

"எத்தனை நேரம் விரட்டினீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

காலை முழுவதும் என்றேன்.

"நாள் கணக்கில் கட்டிப் போட்ட குதிரையை ஒரே மூச்சாக ஓட்டினால் இப்படி வரும். கால் பூட்டிக்கொள்ளும், மூத்திரம் கறுக்கும். மானில் நான் பார்த்ததில்லை. ஆனால் இது அதேதான் என்று நினைக்கிறேன். இது பெங்களூரில் பிடித்த நோய் இல்லை. அங்கே ஓடிய ஓட்டமும் பட்ட பயமும்தான்." மருந்து என்று ஒன்றும் அவர் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டுப் போனார்.

எனக்குச் சுடலை மேல் ஆத்திரம் வந்தது. "ஏம்பா, வாழ்நாள் பூரா மான் பிடிச்சவன் நீ. இப்படி ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நான் புடிச்ச மான் எதும் மறுநா வரைக்கும் இருந்ததில்லய்யா. அன்னிக்கே கறியாயிரும். ரெண்டாம் நாள் அது என்ன ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஜமீன்தாருக்கு மான் மேல் பிரியம். எஞ்சினியரிடம் இடம் இருந்தது. எனக்கு மருந்து தெரியும். சுடலைக்குப் பிடிக்கத் தெரியும். பிடித்த மான் அதற்கப்புறம் எப்படி உயிரோடிருக்கும் என்று எங்கள் நாலு பேரில் ஒருவரும் யாரையும் கேட்கவில்லை.

அப்போதுதான் பாக்கி நாலு மான் ஞாபகம் வந்தது. அத்தான் சர்ச்சுக்குப் புறப்பட்டு, என்னையும் கூப்பிட வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சர்ச்சை விட்டுவிட்டு, என்னைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு தந்தி ஆபீசுக்கு மிதித்தார். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது அவருக்கு; என்னால் சர்ச்சும் போயிற்றே, இறங்கி நடக்கிறேன் என்றேன். "கர்த்தருக்குத் தெரியும் மாப்ளே, நீ எறங்காதே" என்றார். "பிடிக்க வேண்டாம். மூன்று செத்துவிட்டன" என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் தமிழர். கடிகாரத்தைப் பார்த்தார். "இங்கேர்ந்து இப்பவே போயிடும் ஸார். ஆனா சண்டே. அந்த மாதிரி சின்ன ஊர்ல காலையில ஒரு மணி நேரந்தான் ஆபீஸ். மூடியிருப்பாங்க. டெலிவரி நாளைக்குத்தான்."

அன்று சாயங்காலம் இன்னொன்று செத்தது. திங்கட்கிழமை காலை ஐந்தாவது. பத்து மணிக்கு ஜமீன்தாரின் பதில் வந்தது: "உமது முதல் தந்தியைப் பார்த்து ஞாயிறு விடியலில் நாலையும் பிடித்தோம். பெட்டியில் இருக்கின்றன. என்ன செய்ய?"

அதைக் கையில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை நாலு மணிக்கு நான் எழுந்து போயிருந்தால் அந்த வலை விரிந்திருக்காது. என்ன செய்யலாம் என்று சுடலையைக் கேட்டேன்.

"தொறந்து விடச் சொல்லுங்கய்யா. ஓடவேண்டிய ஓட்டம் ஓடியாச்சு. சாகறதுன்னாலும் அதுக பொறந்த புல்லுல சாகட்டும்."

"பெட்டிகளைத் திறந்துவிடவும்" என்று மூன்றாவது தந்தி போயிற்று.

செவ்வாய்க்கிழமை ஆறாவது செத்தது. எல்லாவற்றையும் வேலியோரமாகப் புதைத்தோம். எஞ்சினியரின் மனைவி ஒவ்வொரு குழியிலும் ஒரு கை மஞ்சளும் கொஞ்சம் பூவும் போட்டார். பேண்டுக்காரர்கள் இரண்டு பேர் மண்வெட்டி பிடித்தார்கள். ஒரு பெட்டை மட்டும் மிச்சம். அதற்குக் கால் பூட்டவில்லை. மற்ற ஆறும் கிடந்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் நின்று பார்த்துவிட்டு வேலிப்பக்கம் திரும்பிவிடும். மேய்ந்தது, தண்ணீர் குடித்தது. சுடலை அதனிடமிருந்து ஐம்பது அடிக்கு இப்பால் நின்றுகொண்டான், கிட்டப் போகவே இல்லை. அன்று அவன் ராகிக் களியைத் தொடவில்லை.

புதன்கிழமை பதில் வந்தது. "பெட்டிகளைத் திறந்தோம். மூன்று எழவில்லை. ஒன்று எழுந்து ஓடிற்று. இளம் கிடா. அதை அங்கே அனுப்பவா, பெட்டையை இங்கே அனுப்புகிறீரா?"

பதினொன்றில் இரண்டு. ஒரு கிடா அங்கே, ஒரு பெட்டை இங்கே. நடுவே இரண்டு நாள் ரயில்.

எஞ்சினியர் தந்தியை வாங்கி இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் மறுபடியும் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. "ஒரு ஜோடி போதுமே! ஜோடியிலிருந்துதானே எல்லாம் ஆரம்பம்? இந்தத் தடவை ஜாக்கிரதையாப் பிடிக்கலாம். விரட்டாமல், தகரம் தட்டாமல்."

"எப்படிங்கய்யா?" என்றான் சுடலை. எஞ்சினியர் எதிரில் அவன் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "வெரட்டாம வெளிமானப் புடிக்க எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆளு இருந்தா கூப்பிடுங்க. நான் இனிமே மானுக்கு வலை எடுக்க மாட்டேன்."

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். "அங்கே விட்டா அந்தக் கிடாவைச் சுட்டுடுவாங்க. இல்லேன்னா உழவு தள்ளிடும். இங்கே இது தனியாவே இருந்து கிழமாயிடும். இரண்டும் தனித்தனியா இருந்தா இனம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். நீங்க கம்பவுண்டர், நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு கஷ்டமாக இருந்தது. வேலியருகே போய் நின்றேன். பெட்டை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, நாலு துள்ளலில் தோட்டத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது. துள்ளுகிறதே என்று சந்தோஷப்பட்டேன். என்னைப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று அப்புறம்தான் உறைத்தது. அதே நேரத்தில் எங்கள் கரிசலில் அந்த இளம் கிடாவும் யாரையாவது பார்த்து இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

தந்தி ஆபீசுக்கு நடந்தே போனேன். கிளார்க்குக்கு இதற்குள் என்னை நன்றாகத் தெரிந்திருந்தது. படிவத்தை அவரே எடுத்து நீட்டினார். ஜமீன்தார் பெயரை எழுதி, ஊரை எழுதி, அதற்குக் கீழே "வேண்டாம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"எது வேண்டாம்னு அவங்களுக்குப் புரியுமா ஸார்?"

"புரியும்" என்றேன்.